பூண்டும் குதிரையும் ஒரே கொல்லையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையை ஒட்டி எங்கள் கொல்லை. அங்கே ஆறு குதிரைகள் நிற்கின்றன. ஒன்றுதான் எங்களுடையது. மற்ற ஐந்தும் மாதக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரவர் விட்டிருப்பவை. லாயத்துக்குத் தெற்கே வாய்க்கால் மேட்டில் அறுபது தொட்டிகளில் பூண்டு. வருகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்கள் இவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாயத்திலிருந்து பூண்டுக்கு எரு போகலாம். பூண்டிலிருந்து லாயத்துக்கு ஒரு தாள்கூட, அதாவது ஓர் இலைகூட, போகக் கூடாது. ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

தஞ்சாவூர் வெயிலில் பூண்டு விளையுமா?

தாள் நன்றாக வரும். தலை கட்டுவதுதான் கஷ்டம். பூண்டு தலை பிடிக்க இரண்டு விஷயம் வேண்டும்: முதலில் சில வாரம் குளிர், அப்புறம் நீண்டுகொண்டே போகும் பகல். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் குளிர் இருக்கிறது, விளைகிறது. நமக்கு மார்கழி விடியற்காலையே இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பகல் நேரமும் பெரிதாக மாறுவதில்லை. மார்கழியில் சுமார் பதினொன்றரை மணி நேரம், ஆனியில் பன்னிரண்டே முக்கால், அவ்வளவுதான். வட நாட்டுக் கோடையின் பதினான்கு மணி நேரப் பகலுக்குப் பழகிய ரகத்தை இங்கே நட்டால் பச்சைப்பசேலென்று தாள் விடும், அடியில் ஒன்றும் இருக்காது.

அதனால் ஏமாற்றம் வேண்டாம் என்றால் தாளுக்காக நடுங்கள். கிடைக்கும் தலையைக் கூடுதல் வரவாக வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். வீட்டுக்கு வேண்டிய மொத்தப் பூண்டையும் மாடியிலேயே விளைவிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விதைப் பூண்டு எங்கே வாங்குவது?

தேனி மாவட்டம் வடுகப்பட்டிச் சந்தையில் மலைப்பூண்டு கிடைக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்றது, மணம் அதிகம். அந்தப் பக்கம் போகிற உறவினர் யாரிடமாவது சொல்லி அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். தலை கெட்டியாக, பல் பெரிதாக, பூஞ்சணம் இல்லாமல் இருக்க வேண்டும். கடையில் வெள்ளைவெளேரென்று விற்கும் பெரிய இறக்குமதிப் பூண்டை விதைக்கு எடுக்காதீர்கள். முளைக்காமல் இருக்கப் பதப்படுத்தியதாக இருக்கலாம். முளைத்தாலும் நம் பகல் நேரம் அதற்குப் போதாது.

ஃப்ரிட்ஜில் வைத்து நட வேண்டும் என்கிறார்களே?

ஆமாம். மலைக் குளிரை நாம் வீட்டிலேயே கொடுத்துப் பார்க்கும் வழி அது. தலையைப் பிரிக்காமல் காகிதப் பையில் போட்டு, காய்கறி வைக்கும் அடித்தட்டில் ஆறு வாரம் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்து அழுகும். ஃப்ரீசரும் கூடாது. புரட்டாசிக் கடைசியில் உள்ளே வைத்தால் கார்த்திகையில் நடச் சரியாக இருக்கும். நடுகிற அன்று காலை வெளியே எடுத்துப் பல் பிரித்து, தோலோடு அன்றைக்கே நட்டுவிடுங்கள்.

குளிர் பற்றாக்குறையாக இருந்தால் பல் பல்லாகப் பிரியாமல் உருண்டையாக ஒரே பல் வரும். பதறாதீர்கள், அது ஒற்றைப் பூண்டு. மருந்துக்கென்று தேடி வாங்குவார்கள். உரிப்பதற்கும் சுலபம்.

எப்போது, எந்த மண்ணில் நடுவது?

ஐப்பசி அடைமழையில் நட்டால் பல் அழுகிவிடும். கார்த்திகையில், பெரிய மழை ஓய்ந்து மூன்று நாள் வெயில் பார்த்த பிறகு நடுங்கள். மாசி, பங்குனியில் எடுக்கலாம்.

நம் வயல் மண் நெல்லுக்குப் பிறந்த மண். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூண்டு வேருக்கு அது ஆகாது. தரையில் நடுவதானால் ஒரு முழ உயரத்துக்குப் பாத்தி எடுக்க வேண்டும். தொட்டியே மேல். வல்லம் பக்கத்துச் செம்மண் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. தொட்டி ஒன்பது அங்குல ஆழம் இருந்தால் போதும். அடியில் ஓட்டைகள் அடைபடாமல் ஓட்டுச் சில்லு போடுங்கள். வேர்ப்பக்கம் கீழே இருக்க, இரண்டு விரல் ஆழத்தில், நாலு அங்குல இடைவெளியில் ஊன்றுங்கள். மேலே வைக்கோல் மூடாக்கு. விரலால் தொட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். நாகை, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் பூண்டுக்கு ஊற்ற வேண்டாம், மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

குதிரை லத்தியை அப்படியே தொட்டியில் போடலாமா?

கூடாது. இதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். பச்சை லத்தி சூடேறும், வேரை வாட்டும். மாடு போல நாலு அறை வயிறும் அசைபோடுதலும் குதிரைக்கு இல்லை, அதனால் தின்ற புல் விதை பாதி உயிரோடு வெளியே வரும். தொட்டி முழுக்கப் புல் முளைத்துப் பூண்டைத் தேட வேண்டியிருக்கும்.

ஒரு நடுத்தரக் குதிரை ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோ அளவுக்குப் போடும். ஆறு குதிரைக்கு எவ்வளவு சேரும் என்று பாருங்கள். நாங்கள் மூன்று குவியல் வைத்திருக்கிறோம்: சேர்வது ஒன்று, வேகிறது ஒன்று, ஆறியது ஒன்று. மார்பு உயரத்துக்குக் குவித்து, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்து, பத்து நாளைக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். நடுவில் ஒரு கம்பியைச் செருகிப் பத்து நிமிஷம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். 55 டிகிரிக்கு மேல் போனால்தான் களை விதையும் புழுவும் சாகும். மழைக்காலத்தில் தார்ப்பாய் போட்டு மூடாவிட்டால் சத்தெல்லாம் வாய்க்காலோடு போய்விடும். நாலு மாதத்தில் கருத்து, நாற்றம் போய், பிடித்தால் உதிரும் பதத்துக்கு வரும். படுக்கைக்கு உமி போட்டிருந்தால் இன்னும் தாமதமாகும், உமி லேசில் மக்காது.

இன்னும் இரண்டு விஷயம். குதிரைக்குக் குடற்புழு மருந்து கொடுத்த வாரத்து லத்தியைத் தனியே கொட்டுங்கள். ஐவர்மெக்டின் போன்ற மருந்து பெரும்பாலும் லத்தி வழியாகத்தான் வெளியேறுகிறது, மண்ணில் நமக்கு உதவுகிற வண்டுகளைக் கொல்லும். அடுத்தது, குதிரை லத்தியில் வில்வாத ஜன்னி, அதாவது டெட்டனஸ், கிருமி இருப்பது சகஜம். அந்த வித்து எருக்குழிச் சூட்டுக்கும் சாகாது. கையில் வெட்டுக்காயத்தோடு எருவை அள்ளாதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் போட்டுக்கொண்டு வந்து தொட்டி வேலையைத் தொடங்குங்கள்.

தாளை எப்போது அறுக்கலாம்?

நட்ட ஒரு மாதத்தில் ஒரு சாண் வளர்ந்திருக்கும். குருத்தை விட்டுவிட்டு வெளித்தாளைக் கிள்ளுங்கள். தலை வேண்டும் என்று நினைக்கும் தொட்டியில் கிள்ளாதீர்கள். ரசத்தில் கடைசியாகத் தூவினால் வரும் வாசனைக்கே இந்தப் பாடு படலாம். தோசை மாவில் கலக்கலாம், உளுந்தோடு வதக்கித் துவையல் அரைக்கலாம். அடித்தாள் மூன்று நாலு காய்ந்து பழுத்ததும் தண்ணீரை நிறுத்தி, ஒரு வாரம் கழித்துப் பிடுங்கி, நிழலில் கொத்தாகத் தொங்க விடுங்கள்.

தாளில் வெள்ளிக்கோடு மாதிரி வருகிறதே?

இலைப்பேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் தெளியுங்கள்.

ஈ வராமல் இருக்கக் குதிரைக்குப் பூண்டு கொடுக்கலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. என் பதில்: கொடுக்காதீர்கள். கொள்ளோடு நாலு பல் தட்டிப் போட்டால் ஈ அண்டாது, வயிற்றுப் பூச்சி போகும், இரைப்பு நிற்கும் என்று பழைய வண்டிக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் குதிரையை நேசித்தவர்கள், கெடுதல் நினைத்துச் சொன்னதில்லை. ஆனால் வெங்காயம், பூண்டு இரண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் குதிரையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் உலர்த்திய பூண்டைக் குதிரைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.2 கிராமுக்கு மேல், தினம் இரண்டு வேளை தின்ற குதிரைகளுக்கு ரத்தசோகை வந்தது. நம் ஊர் 350 கிலோ குதிரைக்குக் கணக்குப் போட்டால் வேளைக்கு 70 கிராம் பூண்டுத்தூள். அது பெரிய அளவுதானே என்று கேட்பீர்கள். அந்தக் குதிரைகள் முகம் சுளிக்காமல் தாமாகவே தின்றன என்பதுதான் எனக்குப் பயம். வேண்டாம் என்று ஒதுக்கிவிடும் என்று நம்பி இருக்க முடியாது.

ஒரு வருஷம் எங்கள் தொட்டி வரிசைக்கும் குதிரை உலாத்தும் இடத்துக்கும் நடுவில் ஒரு மூங்கில் படல்தான் இருந்தது. விடியற்காலை போய்ப் பார்க்கிறேன், எட்டுத் தொட்டியில் தாள் மொட்டை. படலுக்கு மேலே கழுத்தை நீட்டி மேய்ந்துவிட்டது. வாங்கிய நாளிலிருந்து என் கையால் வளர்த்த பெட்டைக்குதிரை அது. மூன்று நாள் ஈறு வெளுக்கிறதா, சிறுநீர் சிவக்கிறதா என்று மணிக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுவாரமே தொட்டிகளை வாய்க்கால் மேட்டுக்கு மாற்றினேன். பூண்டைச் சுத்தம் செய்த தோலையும் காய்ந்த தாளையும்கூட லாயத்துப் பக்கம் கொட்டுவதில்லை. அரளியும் அப்படியே. கோயிலுக்குப் பூப்பறிக்க வைத்திருந்த இரண்டு செடியையும் எடுத்துவிட்டோம். அரளி கொஞ்சம் தின்றாலே குதிரையின் இதயம் நின்றுபோகும்.

அப்படியானால் ஈக்கு என்ன வழி?

லத்தியைக் காலையும் மாலையும் அள்ளுவது. நம் சூட்டில் வீட்டு ஈயின் முட்டை பத்து நாளுக்குள் ஈயாகிவிடும், ஒரு நாள் சோம்பல் பட்டால் அடுத்த வாரம் தெரியும். எருக்குவியலை, லாயத்தைக் கடந்து காற்று போகும் பக்கத்தில் தள்ளி வையுங்கள். லாயத்தில் ஒரு பெரிய மின்விசிறி பாதி ஈயை விரட்டிவிடும். ரத்தம் உறிஞ்சும் பெரிய ஈ வேறு ரகம். அது சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோயைப் பரப்பும். மழை முடிந்த மாதங்களில் குதிரைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்து, கால் வீங்கி, மெலிந்தால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

இந்தப் பக்கம் குதிரையை விட யார் வருகிறார்கள்?

காணும் பொங்கலுக்குத் திருக்கடையூரில் குதிரை வண்டி எல்கைப் பந்தயம் நடக்கும். அதற்காகக் குதிரை வைத்திருப்பவர்கள், கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு ஓட்டுபவர்கள், பிள்ளைகளுக்குச் சவாரி பழக்க மார்வாரிக் குதிரை வாங்கிவிட்டு வீட்டில் இடமில்லாதவர்கள், வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போனவர்கள். எண்ணிக்கை குறைவு. இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. எங்களுக்கு இரண்டு ஏக்கர் நெல்லும் தென்னையும் இருக்கின்றன.

கொட்டகை எப்படி இருக்க வேண்டும்?

பெரிய குதிரைக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை, மட்டக்குதிரைக்குப் பத்துக்குப் பத்து. தரையைச் சுற்று மட்டத்திலிருந்து இரண்டடி உயர்த்துங்கள், வெள்ளம் வரும் ஊர் இது. கீற்றுக் கூரை குளிர்ச்சி, ஆனால் நெருப்புக்கும் காற்றுக்கும் பயம். தகரம் போட்டால் பன்னிரண்டடி உயரத்தில் போட்டு மேலே கீற்றைப் பரப்பி இறுக்கிக் கட்டுங்கள். கிழக்கும் மேற்கும் காற்று ஊடாட வேண்டும்.

வைக்கோல்தான் மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

போதாது. டெல்டாவில் குதிரைக்கு வரும் வியாதியில் பாதி இந்த நினைப்பால் வருவது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரேபியாவிலிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வந்து இறங்குவதையும், சோற்றையும் இறைச்சியையும் கொடுத்து, பார்க்கத் தெரிந்த ஆள் இல்லாமல் அவை செத்துப்போவதையும் எழுதி வைத்தார். எழுநூறு வருஷம் ஆகியும் நெல் விளையும் ஊரில் நெல்லை வைத்தே குதிரையை வளர்க்கப் பார்க்கிறோம்.

நெல் வைக்கோலில் சிலிக்கா என்ற மணல் சத்து அதிகம், போஷாக்கு குறைவு. அதையே தின்று தண்ணீரும் குறைவாகக் குடித்தால் குடலில் அடைத்துக்கொள்ளும். பொழுதுபோக்காகக் கடிக்கக் கொஞ்சம் வையுங்கள், அதுவும் தை, மாசியில் சம்பா அறுப்பில் காய்ந்து வந்ததாக இருக்கட்டும். குறுவை வைக்கோல் பெரும்பாலும் மழையில் நனைந்து பூத்துவிடும். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் நுரையீரலைக் கெடுக்கும்.

அடிப்படைத் தீவனம் புல். 350 கிலோ குதிரைக்குக் காய்ந்த எடைக் கணக்கில் தினம் ஏழு கிலோ வேண்டும், பச்சைப் புல்லாக என்றால் முப்பது கிலோ அளவுக்கு. வரப்பு அருகம்புல்லுக்கு மிஞ்சியது எதுவும் இல்லை. மருந்தடித்த வரப்பா என்று கேட்டுவிட்டு அறுங்கள். கம்பு நேப்பியர் எளிதாக வளர்கிறது என்று அதையே கொடுக்கிறார்கள். அதில் ஆக்சலேட் அதிகம், சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேர விடாது. மாட்டுக்கு ஒத்துப்போகும், குதிரைக்கு மாதக்கணக்கில் அது மட்டும் என்றால் எலும்பு உளுத்துப்போகும்.

தவிடு அதைவிட மோசம். அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது. நேப்பியரும் தவிடும் சேர்ந்தால் முகத்தெலும்பு வீங்கும், இன்றைக்கு ஒரு கால் நாளைக்கு ஒரு கால் என்று நொண்டும். எங்களிடம் அப்படி வந்த ஒரு குதிரையைத் தவிட்டை நிறுத்தி, வேலிமசால் என்ற தீவனப் பயிரும் சுண்ணாம்புச் சத்தும் கொடுத்துத் தேற்ற எட்டு மாதம் ஆயிற்று. குதிரைமசால் இன்னும் நல்லது. பெயரிலேயே குதிரை இருக்கிறது, ஆனால் தண்ணீர் தேங்கும் நம் களிமண்ணில் நிற்காது.

கொள்ளு ஊறவைத்து வேகவைத்தது, வேலைக்குத் தகுந்தபடி அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. தினம் 30 கிராம் கல்லுப்பு. தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும், கோடையில் நாற்பது லிட்டருக்கு மேல் குடிக்கும்.

மாட்டுத் தீவனமோ கோழித் தீவனமோ மிச்சமானால் போடலாமா?

ஒரு பிடியும் வேண்டாம். கோழித் தீவனத்தில் மொனென்சின் என்ற மருந்து சேர்ப்பதுண்டு. கோழி தாங்கும், குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும்.

குதிரைக்கு வயிற்றுவலி என்று எப்படித் தெரியும்?

வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், காலால் மண்ணைப் பறிக்கும், படுத்துப் புரளும், லத்தி போடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் காத்திருக்க நேரம் இல்லை. தீவனத்தை எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கால்நடை அவசர ஊர்தி எண் 1962. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்குப் பெரிய பலம். வாய் வழியாக எண்ணெயையோ கஷாயத்தையோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

மழைக்காலத்தில் குளம்பு நாறுகிறது.

ஈரத்தில் நிற்பதால் வரும் அழுகல். தினம் குளம்பைக் கொத்திச் சுத்தம் செய்து உலர விடுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் கட்டுபவர் வந்தே ஆக வேண்டும். நம் பக்கம் அவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவே இருக்கிறார்கள். கிடைத்தவரைக் கையோடு பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கூலியில் பேரம் பேசாதீர்கள்.

புயல் வந்தால்?

2018 நவம்பர் 16 விடியலில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இந்த மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் தோப்போடு சாய்ந்தன, சில ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கொட்டகை கான்கிரீட் இல்லையென்றால் குதிரையை உள்ளே கட்டிப் போடாதீர்கள். மரமும் மின்கம்பியும் இல்லாத மேட்டில் வேலிக்குள் அவிழ்த்து விடுவது மேல். உரிமையாளர் எண்ணைக் கழுத்துப் பட்டையில் அழியாத மையில் எழுதுங்கள். மோட்டார் ஓடாது என்று நினைத்துத் தண்ணீரை முன்கூட்டியே பிடித்து வையுங்கள்.

புதிதாக ஒரு குதிரை வந்தால் நேராக மற்றவற்றோடு கட்டலாமா?

மூன்று வாரம் தனியே. தொட்டி, வாளி, தேய்க்கும் பிரஷ் எல்லாம் தனி. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கி வந்த குதிரை என்றால் இன்னும் கவனம், பல மாநிலக் குதிரைகள் கூடும் இடம் அது. கிளாண்டர்ஸ் என்ற நோய் மனிதருக்கும் தொற்றும். மூக்கில் கெட்டியான சளி, தோலில் வரிசையாகக் கட்டிகள் கண்டால் தொடாமல் அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள், 2009-ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அது கட்டாயம். ரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாத குதிரையை நாங்கள் சேர்ப்பதில்லை. நண்பர் மனம் நோகும் என்று ஒருமுறை விட்டுக்கொடுத்திருந்தால் மற்ற ஐந்து பேருக்கு என்ன பதில் சொல்வது?

கட்டணம் எப்படி வைப்பது? எழுத்தில் ஒப்பந்தம் வேண்டுமா?

தீவனம், படுக்கை, ஆள் கூலி, மின்சாரம் எல்லாவற்றையும் ஒரு வருஷத்துக்குக் கூட்டுங்கள். பங்குனி முதல் ஆடி வரை புல் விலை ஏறும், அந்த விலையைப் பிடித்தே கணக்கிடுங்கள். லாடமும் வைத்தியமும் உரிமையாளர் செலவு.

எழுத்தில் கட்டாயம் வேண்டும். ஒருவர் குதிரையை விட்டுவிட்டு நாலு மாதம் பணமும் அனுப்பவில்லை, போனும் எடுக்கவில்லை. பட்டினி போட நமக்கு மனம் வருமா? என் கைக்காசில் தின்றது. அதிலிருந்து ஒப்பந்தத்தில் நாலு விஷயம் எழுதுகிறோம்: இரண்டு மாத முன்பணம், உரிமையாளரைப் பிடிக்க முடியாத நேரத்தில் எவ்வளவு தொகை வரை நாமே வைத்தியம் பார்க்கலாம், யார் யார் ஏறலாம், கட்டணம் நின்றால் எத்தனை நாளில் கூட்டிப்போக வேண்டும். ஊராட்சியிலும் பக்கத்து வீட்டிலும் முன்பே பேசிவிடுங்கள். எருக்குழி நாற்றத்தில்தான் சண்டை தொடங்கும்.

எரு விற்பீர்களா?

விற்பதில்லை. சாக்கு கொண்டு வந்தால் மூன்றாவது குவியலில் வேண்டிய மட்டும் அள்ளிக்கொள்ளலாம். முதல் குவியலைத் தொடாதீர்கள், அது இன்னும் வேகவில்லை. புரட்டாசியில் வந்தீர்களானால் விதைப் பூண்டும் ஒரு கைப்பிடி தருகிறேன், வீட்டுக்குப் போனதும் காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜ் அடித்தட்டில் வைத்துவிடுங்கள்.